கீழ்த்துளை வழியே ஏறிய கியர் ஆயில்

கியர் ஆயில் வாடை மூக்கில் ஏறிவிட்டால் என்னால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. போன வாரம் பஸ் நிலையத்தில் ஒருவர் பின்சக்கரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ கழற்ற, பழைய ஆயில் தகரத்தில் இறங்கியது. கந்தகமும் கருகிய தோலும் நாள்பட்ட விளக்கெண்ணெயும் சேர்ந்து ஊறினாற்போல ஒரு வாடை. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேன். மற்றவர்களுக்கு அது வெறும் ஆயில். எனக்கு அதற்குள்ளே ஏலக்காய் மணக்கும், காப்பித் தோல் புளிக்கும், மலைச்சரிவில் நின்று ஒரு தோணி எஞ்சின் கத்தும்.

தோணியா, மலைச்சரிவிலா என்று கேட்பீர்கள். அன்றைக்கு எங்களுக்கும் அதே கேள்விதான்.

ஐம்பதுகள் அது. எனக்கு இருபத்தைந்து வயது. கால் ஒரு இடத்தில் நிற்காத வயது. போடிநாயக்கனூரில் மெட்டுச் சாலை தொடங்குகிற இடத்தில் என் அக்கா வீட்டுக்காரர் ஜீப்புப் பட்டறை வைத்திருந்தார். நான் அவரிடம் கைவேலை பார்த்தேன். பட்டாளம் கழித்துக்கட்டிய ஜீப்புகள் மலைக்கு வந்து சேர்ந்திருந்தன. காலையில் ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறும். சாயங்காலம் மூட்டைகளோடு முனகிக்கொண்டு இறங்கும். கொண்டை ஊசி வளைவுகள் அவற்றின் பல்சக்கரங்களைத் தின்னும். அந்தத் தீனியில்தான் எங்கள் சோறும் வெந்தது.

மலைக்கு மேலே, எல்லைக்கு அப்பால், ஓர் அணையில் புதிதாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. எங்கள் ஊர் ஏலக்காய் முதலாளி ஒருவரின் தோட்டம் அந்தத் தண்ணீருக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டது. பழைய நடைபாதை முழுகிப்போனது. சுற்றிப் போனால் அரைநாள் நடை, போதாததற்கு யானைத்தடம். முதலாளி கொச்சிப் பக்கம் போய், தோணியின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். மேலே எஞ்சின், அதற்குக் கீழே கழுத்துபோல நீண்ட குழாய், குழாயின் அடியில் தண்ணீருக்குள் முழுகி நிற்கிற ஒரு பல்சக்கரப் பெட்டி, பெட்டியின் வாலில் காத்தாடி. தரையில் சாய்த்து வைத்தால் தலைகீழாய் நின்று மீன் பிடிக்கிற கொக்கு மாதிரி இருக்கும்.

வந்த மாதமே அதன் பல்சக்கரங்கள் போயின. பழைய சாமான் அப்படித்தான் என்று முதலாளி ஒரு மாற்று ஜோடி வரவழைத்தார். கப்பலில் வந்த ஜோடி. எங்கள் பட்டறையில்தான் மாட்டினோம். பெட்டிக்குள் கியர் ஆயில் ஊற்றியவன் நான். என் கையால் கரண்டி கரண்டியாக ஊற்றினேன், வழிந்ததும் துளையை அடைக்கிற ப்ளக்கை முடுக்கினேன், கையைத் துடைத்தேன், மறந்தேன்.

பத்தாவது நாள், ஒரு வியாழக்கிழமை காலை, எஞ்சின் திரும்பி வந்தது.

தோளில் சாக்கைப் போட்டு அதன்மேல் எஞ்சினைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தவர் தோணிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அப்பா தேவாரத்துப் பக்கம், அம்மா மலைக்கு அப்பால் மலையாள நாடு. அவர் பேச்சும் இரண்டு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு போகும். முன்பு மூங்கில் தெப்பம் தள்ளியவர். இப்போது கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பில் எஞ்சினை உயிர்ப்பிக்கத் தெரிந்தவர் அந்தத் தண்ணீரில் அவர் ஒருவர்தான். தோட்டத்து ஆட்களுக்கு அவர்தான் பாதை. அரிசியும் உப்பும் அவரோடு போகும். காய்ச்சல்காரர்கள் அவரோடு வருவார்கள்.

பின்னாலேயே முதலாளி வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலிடுக்கில் பொடி.

"ஊளையிடுது மேஸ்திரி," என்றார் என் மச்சானிடம். "நாய் மாதிரி ஊளையிடுது. இவன் எங்கயோ தண்ணிக்குள்ள பாறையில விட்டு இடிச்சிருக்கான். கேட்டா இல்லேங்கிறான்."

"இடிக்கலே முதலாளி," என்றார் தோணிக்காரர். "என் அம்மையாணே இடிக்கலே."

"ஒரு ஜோடி போச்சு, பழசுன்னு விட்டேன். இதும் போச்சுன்னா கைக் கோளாறுதானப்பா?" அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சனிக்கிழமை மத்தியானம் நம்ம ஜீப்பு மேல போகுது. எஞ்சின் ஓடுச்சுன்னா அதும் நீயும் அதுல ஏறுங்க. ஓடலேன்னா அது பழைய இரும்புக்கு, நீ ஒங்க ஊருக்கு. வேற சோலியப் பாத்துக்க."

பொடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தோணிக்காரர் எஞ்சினைத் தரையில் இறக்காமலே நின்றார். இறக்கினால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

பெட்டியைப் பிரித்தோம். முதலில் கண்ணில் பட்டது காத்தாடி. அதன் இதழ்களில் ஒரு நெளிவு, ஒரு கீறல் இல்லை. பாறையில் இடித்த காத்தாடி அப்படி இருக்காது. உள்ளே பல்சக்கரங்கள் உடையவில்லை. ஆனால் பற்களின் முனை நீலம் பாரித்திருந்தது. இரும்பு நீலம் பாரித்தால் அது காய்ந்திருக்கிறது, ஆயில் இல்லாமல் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் பல் ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கும்.

வடிந்த ஆயிலை அளந்தேன். முக்கால் ஆழாக்குகூட இல்லை.

"மச்சான், ஆயில் கொறச்சலா இருக்கே?"

"எப்படி இருக்கும்? நீதான ஊத்துன. வழிஞ்சுச்சா, வழியலையா?"

"வழிஞ்சுச்சு."

"அப்பறமென்ன? வழிஞ்சா நெறஞ்சாச்சு."

அது எங்கள் சாலையின் சட்டம். ஜீப்பின் பின்னச்சுக்கு ஆயில் விடும்போது பக்கவாட்டில் இருக்கிற துளையில் ஊற்றுவோம், வழிந்தால் நிறைந்தது. சந்தேகம் இருந்தால் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பார்ப்போம். போடியிலிருந்து மெட்டு வரை ஒரு டிரைவரும் ஒரு மெக்கானிக்கும் இதற்கு மறுபேச்சு பேசமாட்டார்கள். தோணிப் பெட்டியிலும் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று அடியில், மற்றொன்று நாலு விரல் மேலே. அடியில் இருப்பது பழையதை வடிக்க, மேலே இருப்பது புதியதை ஊற்ற என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். இரண்டும் சுண்டுவிரல் நுழையாத துளைகள். தொட்டுப் பார்க்க வழியில்லை. வழிந்தது, நம்பினோம்.

"ஒழுகியிருக்குமோ?" என்றேன்.

"ஒழுகினா ஆயில் வெளிய போன வழியா தண்ணி உள்ள வந்திருக்கும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது கருப்பாத்தான இருக்கு?" என்றார் மச்சான். சொல்லிவிட்டு அவரும் குழம்பிப்போனார். வெளியே போகவும் இல்லை, உள்ளே இருக்கவும் இல்லை என்றால் அந்த ஆயில் எங்கே?

பற்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து பெட்டியை மறுபடி பூட்டினோம். "எதுக்கும் தொட்டியில முக்கிப் பாருங்க, எங்கயாச்சும் ஓட்டை இருக்கான்னு," என்று மச்சான் தோணிக்காரரிடம் சொன்னார். பட்டறை வாசலில் பஞ்சர் பார்க்கிற தொட்டி உண்டு. ட்யூபை அதில் அமுக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். தோணிக்காரர் பெட்டியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் இறக்கினார். இரண்டு ப்ளக்குகளையும் போடாமலே இறக்கிவிட்டார்.

"ப்ளக்கைப் போடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

அவர் காதில் வாங்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீரைப் பார்ப்பதுதானே அவர் பிழைப்பு. பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்: "தம்பி, இவிட வந்து நோக்கு. தண்ணி அடித் துளையில கேறுது. காத்து மேல் துளையில போகுது. ஒண்ணு வர, ஒண்ணு போக. சண்டையில்லாம போகுது."

மேல்துளையிலிருந்து குமிழிகள் வரிசையாக, அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தன.

பிறகு அவர் பெட்டியை வெளியே எடுத்துக் கவிழ்த்துக் காலி செய்தார். அடித்துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். "இப்ப நீ மேல ஊத்து." கரண்டியால் மேல்துளையில் தண்ணீர் விட்டேன். இரண்டு கரண்டி போயிருக்கும். துளை 'பொளக்' என்று ஒரு குமிழியைக் கக்கியது, தண்ணீர் வழிந்தது. இன்னும் விட்டேன். இன்னும் வழிந்தது. உள்ளே பாதிக்கு மேல் வெறும் காற்று. காற்று வெளியே போகவேண்டிய அதே வாயில் நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கே இந்தக் கதி என்றால் தேன்போல இழுக்கிற கியர் ஆயிலுக்கு என்ன கதி?

மறுபடி தொட்டியில் முக்கி, கீழ்வழியாக நிரம்பிய தண்ணீரை வடித்து அளந்தோம். இரண்டேகால் ஆழாக்கு.

முக்கால், இரண்டேகால். மச்சான் பீடியைப் பற்றவைத்து இழுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். முதல் ஜோடி எப்படிப் போனதோ, இரண்டாவது ஜோடியைக் காயப்போட்டது நான். இடித்தது பாறையல்ல, என் கரண்டி. தோணிக்காரர் எங்களைப் பார்த்தார். 'பார்த்தீர்களா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துண்டை எடுத்துப் பெட்டியைத் துடைத்து, உள்ளே இருந்த ஈரம் வடிந்து காயக் கவிழ்த்து வைத்தார்.

"மொதல்ல ஓட வைப்போம்," என்றார் மச்சான் தாழ்ந்த குரலில். "சொல்றதையெல்லாம் அப்பறம் சொல்லிக்கலாம், மாப்ளே."

அந்த 'அப்பறம்' எனக்குப் பிடிக்கவில்லை. எஞ்சின் ஓடினால் தோணிக்காரர் வேலையில் இருப்பார். ஆனால் பாறையில் இடித்தவன் என்ற பெயரோடு இருப்பார். அடுத்த முறை எது உடைந்தாலும் அந்தப் பெயர் முன்னால் வந்து நிற்கும். ஆனால் முதலாளியிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த ஜீப்பை எங்களிடம் யார் விடுவார்கள்? அதையும் நான் நினைக்காமல் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்றவேண்டும். ஏற்ற ஒரு பம்பு வேண்டும். போடியில் எந்தக் கடையிலும் அப்படி ஒன்று கிடையாது. இருக்கிறது என்று கேள்விப்பட்டதுகூட இல்லை. நாங்களே செய்யவேண்டும்.

முதலில் அகப்பட்டது அக்காவின் முறுக்கு உழக்கு. பித்தளை, கனம், உள்ளே அமுக்க ஒரு கட்டை. அச்சுத்தகட்டில் மற்றத் துளைகளையெல்லாம் ஈயத்தால் அடைத்து நடுத்துளையை மட்டும் விட்டோம். ஆயில் ஊற்றி அமுக்கினால் கீழே போகவேண்டியது பக்கத்தில் பிதுங்கி என் முழங்கை வரை ஏறியது. முறுக்கு மாவுக்கு இருக்கிற ரோஷம் ஆயிலுக்கு இல்லை.

அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "அடப்பாவிகளா, என் ஒழக்கா அது?" தூக்கை ஜீப்பின்மேல் வைத்தாள். "வர்ற தீவாளிக்கு முறுக்கு வேணும்னா ரெண்டு பேரும் இங்கயே பிழிஞ்சு இங்கயே தின்னுக்கங்க. கருகருன்னு நல்லா வரும்."

"புதுசு வாங்கித் தர்றேன், சும்மா இரு," என்றார் மச்சான்.

"நீங்க வாங்கித் தர்றதுக்குள்ள எனக்குப் பல்லு போயிரும். அப்பறம் முறுக்கு எதுக்கு?" என்றவள், சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள் பம்பைக் காலால் தட்டினாள். "காத்தை அமுக்குறதுக்கு இது இருக்கில்ல? இது ஆயிலை அமுக்காதாமா?"

மச்சான் அவளைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவள் தூக்கைத் திறந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் பம்பின் உள்ளே ஒரு தோல் வாசர் உண்டு, கிண்ணம்போலக் கவிழ்ந்தது. அதைக் கழற்றி விளக்கெண்ணெயில் ஊறவைத்தோம். தோல் உப்பிக் குழாய்ச்சுவரை ஒட்டிக்கொண்டது. இனி பக்கத்தில் பிதுங்காது. பம்பின் மெல்லிய ரப்பர்க் குழாய் கியர் ஆயிலுக்கு ஆகாது. ஒரே அமுக்கில் வெடித்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற பழைய பம்பிலிருந்து பித்தளை மூக்கை அறுத்துப் பற்றவைத்தோம். மூக்கின் துளையை ஆணியால் பெரிதாக்கினோம். நிழலில் இருந்த ஆயில் தகரத்தை வெயிலில் தள்ளினோம். போடி வெயில் ஆயிலை இளக்கித் தரும். அந்த ஒரு விஷயத்தில் அது தாராளம்.

பம்பு ஆயிற்று. பெட்டியோடு அதை எப்படிச் சேர்ப்பது?

அடித்துளையில் திருகு மரை இருந்தது. அந்த மரைக்குப் பொருந்துகிற போல்ட்டைத் தேடிப் பட்டறையிலிருந்த டப்பாக்களையெல்லாம் கொட்டினோம். ஜீப்பு போல்ட்டு, சைக்கிள் போல்ட்டு, தையல் மிஷின் போல்ட்டு. ஒன்று நுழையாது, ஒன்று நுழைந்து ஆடும், ஒன்று பாதி வரை ஏறி ஆசைகாட்டிவிட்டு நின்றுவிடும். அந்த எஞ்சின் எந்த நாட்டில் பிறந்ததோ, அதன் மரை எங்கள் நாட்டு மரையோடு பேசமாட்டேன் என்றது. பெட்டியின் சொந்த ப்ளக்கையே நடுவில் துளையிடலாம் என்றேன். "துளை போட்டுட்டா அப்பறம் எதைக் கொண்டு அடைப்ப? ஒன் நாக்கையா?" என்றார் மச்சான். அதுவும் சரிதான்.

தோணிக்காரர் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். டயர் செருப்பு. குதிகால் பக்கம் இரண்டு விரல் கனம். "இது போதுமாண்ணே?" என்று மச்சானிடம் நீட்டினார்.

"ஓய், அது உங்க செருப்புய்யா."

"மெட்டுக்கு நடந்தா போறேன்? ஜீப்புலதான போகணும்?" என்றார். அப்படிச் சொல்லும்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். சனிக்கிழமை ஜீப்பில் ஏறுவோம் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

குதிகாலை அறுத்தோம். சோப்புத் தண்ணீரில் பிளேடை நனைத்து நனைத்துச் சீவி, ஒரு முனை பருத்து மறுமுனை கூர்ந்த கட்டையாக்கினேன். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவில் துளைத்தேன். பித்தளை மூக்கு அதில் இறுக்கமாக நுழைந்தது. ரப்பரின் கூர்முனையைப் பெட்டியின் துளையில் வைத்து அழுத்தினால் மரையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், கப்பென்று கவ்வியது. தோணிக்காரர் ஒரு கால் உயரம் ஒரு கால் பள்ளமாகப் பட்டறைக்குள் நொண்டிக்கொண்டு நடந்தார். அக்கா பார்த்துவிட்டு, "எஞ்சினுக்குச் செருப்புப் போட்டாச்சு, ஆளை நொண்டியாக்கியாச்சு," என்றாள்.

எஞ்சினை உத்திரத்தில் நேராகக் கட்டித் தொங்கவிட்டோம். மச்சான் அடியில் மல்லாந்து படுத்து ரப்பர் மூக்கைத் துளையில் அழுத்திப் பிடித்தார். நான் பம்பில் ஆயிலை ஊற்றி அமுக்கினேன். இறங்கியது. ஐயோ, எவ்வளவு அழகாக இறங்கியது! உள்ளங்கையில் அந்தக் கனம், தோல் வாசர் எண்ணெய்க்குள் வழுக்கிப்போகிற அந்த மெத்தென்ற எதிர்ப்பு, எருமைக்கன்று மடியை முட்டுவதுபோல. பம்பு காலியானது. ஒரு ஆழாக்கு போயிருக்கும்.

"எடுங்க மச்சான், மறுபடி ரொப்புறேன்."

அவர் மூக்கை எடுத்தார். ஏற்றிய ஆயில் அத்தனையும் அவர் கழுத்திலும் மார்பிலும் இறங்கியது.

அவர் அப்போது சொன்னவற்றை இங்கே எழுதமுடியாது. தோணிக்காரர் சிரிக்கக்கூடாது என்று உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பம்பு பிடிப்பது ஒரு ஆழாக்கு. பெட்டிக்கு வேண்டியது இரண்டேகால். நடுவில் எடுத்தால் வடிந்துவிடும். அப்போது எனக்குப் பப்பாளித் தண்டு ஞாபகம் வந்தது. தண்டைத் தண்ணீரில் விட்டு மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், விரலை எடுத்தால் கொட்டும். விளையாடாதவர் யார்? "அண்ணே, நான் ரொப்புற நேரத்துல மேல் துளையில விரலை வச்சு அடைங்க. அமுக்குற நேரத்துல எடுங்க," என்றேன் தோணிக்காரரிடம்.

"மேல் காத்து உள்ள வரலேன்னா கீழ ஆயிலு வெளிய போகாது. அதுதானே?"

"அதேதான்."

மூன்று பேர், ஆறு கைகள். "எடு!" என்று நான் சொன்னால் தோணிக்காரரின் கட்டைவிரல் விலகும், ஆயில் ஏறும், மேல்துளை பெருமூச்சு விடும். "அடை!" என்றால் விரல் மூடும், மச்சான் மூக்கை எடுப்பார், அடித்துளையில் ஒரு கருப்புச் சொட்டு தோன்றும், தோன்றி அப்படியே தொங்கும், விழாது. அந்தச் சொட்டு விழாமல் நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபடி "எடு!" மறுபடி "அடை!" மூன்றாவது தடவை அமுக்கும்போது மேல்துளை மூச்சு விடுவதை நிறுத்தி நுரை கக்கியது. நுரை கக்குவதை நிறுத்தி ஒரு குமிழி ஊதியது. பிறகு, கத்திமுனையில் வழிகிற பாகு மாதிரி, ஒரே சீராக, சத்தமே இல்லாமல் ஆயில் மேல்துளையில் வந்து நின்று வழிந்தது.

"வழியுது!" என்று கத்தினேன்.

"இதுதாண்டா வழிசல்!" என்றார் அடியில் கிடந்த மச்சான். "இதுதான் நெறஞ்சது!"

மேல் ப்ளக்கை முதலில் முடுக்கினோம். பிறகு மூக்கை எடுத்து, கீழ் ப்ளக். நாலே சொட்டுதான் மண்ணில் விழுந்தது. அக்கா வெற்றிலையை மென்றுகொண்டு, "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு நாளு?" என்றாள். மூன்று பேரும் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினோம். கருப்பு முகங்களில் பல் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டும். போடியில் கிணறு உண்டு, வாய்க்கால் உண்டு. காத்தாடி முழுகிச் சுற்றுகிற தொட்டி எங்கே? குரங்கணி போகிற வழியில், சரிவில், முதலாளியின் சொந்தக்காரர் ஒருவரின் காப்பித் தோட்டம் இருந்தது. பழம் உரித்துக் கொட்டையைக் கழுவுகிற சிமெண்டுத் தொட்டி, அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்தது. சனிக்கிழமை காலை ஓடைத் தண்ணீரை அதில் திருப்பிவிட்டோம். வறண்ட தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, சென்ற அறுப்பின் புளித்த காப்பித்தோல் வாடை கிளம்பியது. குறுக்கே ஒரு பலாப்பலகையைப் போட்டு எஞ்சினை மாட்டினோம்.

முதலாளி ஜீப்பில் வந்தார். தொட்டியின் ஓரமாக நின்றார். "தோணி ஓட வேண்டிய இடத்துல காப்பிக்கொட்டை கழுவுற தொட்டியா? நல்லாருக்கு."

"கொறச்சு தள்ளி நில்லுங்க முதலாளி," என்றார் தோணிக்காரர்.

"ஏன், கடிச்சிருமா?"

தோணிக்காரர் கயிற்றைச் சுற்றினார். இழுத்தார். இருமியது. மறுபடி சுற்றி இழுத்தார். ஒரு புகைக்குமிழி வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கையை மட்டும் பார்த்தேன். கை மறுபடி கயிற்றைச் சுற்றியது. மூன்றாவது இழுப்பு.

மலை அதிர்ந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. சரிவெல்லாம் அந்தச் சத்தத்தைத் தூக்கி ஒன்றிடம் ஒன்று வீசியது. தொட்டித் தண்ணீர் பொங்கி எழுந்து, காப்பித் தோலும் இலையுமாக முதலாளியின் வெள்ளை வேட்டியில் இடுப்பு வரை அறைந்தது. அவர் துள்ளிப் பின்வாங்கினார். ஆனால் போகவில்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். ஊளை இல்லை. நாய் இல்லை. அடியிலிருந்து ஒரே கம்பிபோல நீண்ட ரீங்காரம், தேன்கூட்டுக்குள் காதை வைத்ததுபோல.

டாங்கியில் இருந்த பெட்ரோல் தீரும் வரை ஓடவிட்டோம். பிறகு தூக்கி, மேல் ப்ளக்கைத் தொடாமல் கீழ் ப்ளக்கை மட்டும் தளர்த்தினேன். ஒரு சொட்டு இறங்கியது. முதலாளி தன் கைக்குட்டையை நீட்டினார். வெள்ளைத் துணியில் அந்தச் சொட்டு பரவியது. தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. பல் தேய்ந்த இரும்பு மினுக்கம் இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தோம். தெளிவு.

"இப்ப நல்லா இருக்கு," என்றார் முதலாளி. தோணிக்காரரைப் பார்த்து, "இனிமேயாச்சும் பாறை பாத்து ஓட்டு," என்றார்.

தோணிக்காரர் தலையைக் குனிந்து கயிற்றைச் சுற்றினார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் மச்சான் பேசிவிட்டார்.

"பாறையெல்லாம் இல்ல முதலாளி." நனைந்த சட்டையோடு நேராக நின்றார். "ஜீப்புக்கு ஊத்துற மாதிரி மேல ஊத்திட்டோம். மூணுல ஒரு பங்குதான் உள்ள போயிருக்கு, மத்ததெல்லாம் காத்து. தப்பு எங்க பட்டறையோடது. இவர் கையில ஒரு கோளாறும் இல்ல."

"ஊத்தினது நான்தான்," என்றேன்.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை எவன் கண்டுபுடிச்சான்?" என்றார்.

"இவர்தான்," என்றார் மச்சான். "பஞ்சர்த் தொட்டியில முக்கி, தண்ணியைப் பாத்தே கண்டுபுடிச்சாரு. நாங்க மெக்கானிக்குக ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தோம்."

முதலாளி மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. எங்கள் பக்கத்து முதலாளிகள் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். "உங்க பட்டறைக்கு இனி வண்டி அனுப்பணுமா வேண்டாமா?" என்று மச்சானைக் கேட்டார்.

"அது உங்க இஷ்டம் முதலாளி."

"திங்கட்கிழமை ஒண்ணு வரும். மேலயா கீழயான்னு கேட்டுட்டு ஊத்துங்க," என்றார். அவர் வாயோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பட்டறைக்குத் திரும்பியதும் மேலே போகிற ஜீப்பு வந்து நின்றது. மலை ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து இடம் முதலாளிக்கு. அவர் இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளைக்கு. ஆட்கள் பின்னால் மூட்டையோடு மூட்டையாக. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியதும் இல்லை. எஞ்சினைச் சாக்கில் சுற்றிப் பின்னால் ஏற்றினோம். தோணிக்காரர் வழக்கம்போல அதன் பக்கத்தில் ஏறப் போனார்.

"அங்க எதுக்கு?" என்றார் முதலாளி. "முன்னால உக்காரு."

தோணிக்காரருக்கு விளங்கவில்லை. முதலாளி டிரைவரின் பக்கத்து இடத்திலிருந்த தன் பையை எடுத்துத் தூசி தட்டினார். "நான் நாளைக்கு வர்றேன். வெரசா ஏறுப்பா, டிரைவர் நிக்கிறாரில்ல?"

ஒரு செருப்பில் குதிகாலும் ஒரு செருப்பில் பள்ளமுமாக அவர் நடந்து வந்து ஏறினார். டிரைவர் ஆச்சரியத்தில் ஒதுங்கி இடம் கொடுத்தார். பம்பை, ரப்பர் மூக்கோடு, ஒரு துணியில் சுற்றி நான் அவர் மடியில் வைத்தேன். எங்களுக்கு இன்னொன்று செய்துகொள்ளத் தெரியும். அவருக்கு இது வேண்டும். அவர் அதைத் திறந்து பார்த்து, மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஜீப்பு உறுமியது. நான் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டடி கூடவே நடந்தேன்.

"ஆயில் மாத்துற நாள் வந்தா ஆள் அனுப்புங்கண்ணே," என்றேன். "நான் மேல வர்றேன்."

"ஆயிலுக்கு நீ வர வேண்டா தம்பி, அத நான் பாத்துக்கிடுவேன்," என்றார் அவர், முன்சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டி. "நீ சும்மா வா. வந்து தோணியில உக்காரு. அக்கரை வரைக்கும் நான் ஓட்டிக் காட்டுறேன்."